குளிர்காலப் பூஞ்சையைக் குறைந்த செலவில் தடுத்தல்: செய்து பார்த்தவை

சுவரில் கரும்புள்ளிகள் தென்பட்டவுடன் பூஞ்சைக்கொல்லித் தெளிப்பையோ பூஞ்சை எதிர்ப்பு வண்ணப்பூச்சையோ தேடுவதே பொதுவான வழக்கம். அவ்விரண்டையும் ஒத்திவைத்து, வீட்டுக் காற்றில் நீராவி எங்கிருந்து சேர்கிறது, எந்தச் சுவரில் போய்த் தங்குகிறது என்பதை அளந்து பார்ப்பதையே இந்தக் குளிர்காலத்தின் வேலையாக எடுத்துக்கொண்டேன். இதற்காக வாங்கியது வெப்பநிலையையும் காட்டும் எளிய ஈரப்பதமானி ஒன்று மட்டுமே.

முதலில் தெளிவாக வேண்டியது, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்பது. பூஞ்சை படிந்த இடத்துக்கு அருகில் ஒரு பாலித்தீன் துண்டை நான்கு ஓரங்களிலும் ஒட்டி இரண்டொரு நாள் விட்டுவைத்தேன். அறையை நோக்கிய பக்கத்தில் மட்டுமே நீர்த்துளிகள் இருந்தன. சுவரை நோக்கிய பக்கம் உலர்ந்திருந்தது. அது மாறியிருந்தால் குழாய்க் கசிவையோ கூரை ஒழுகலையோ பழுது பார்ப்பதுதான் முதல் வேலையாக இருந்திருக்கும். அத்தகைய வீட்டில் இங்கே எழுதியுள்ளவை எவையும் பெரிதாக உதவமாட்டா.

மலிவான மானிகள் சில புள்ளிகள் பிசகிக் காட்டுவது இயல்பு என்பதால், அதைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்தினேன். சமையல் உப்பில் சிறிது நீர் விட்டு, உப்பு முழுவதும் கரையாமல் ஈரக் குழம்பாக இருக்கும்படி ஒரு சிறு மூடியில் எடுத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். என் மானி 71 என்று காட்டியது. அதன்பின் எடுத்த ஒவ்வோர் அளவிலும் 4 கூட்டிக்கொண்டேன். கீழே வரும் எண்கள் அவ்வாறு திருத்தியவை.

அறையின் நடுவில் 20 டிகிரி செல்சியசும் 60 விழுக்காடும் இருந்த வேளையில், வெளிச்சுவரை ஒட்டி நின்ற துணி அலமாரியின் பின்புறம் 16 டிகிரியும் 76 விழுக்காடும் இருந்தன. அறை முழுவதும் ஒரே காற்றுதான். குளிர்ந்த இடத்தில் அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற அளவு; மானி காட்டுவது இதையே) தானாக உயர்ந்துவிடுகிறது. பூஞ்சை வளரச் சுவரில் நீர் வழிய வேண்டிய தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டளவில் நாள்கணக்கில் நீடித்தாலே பல வகைப் பூஞ்சைகளுக்குப் போதும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், 15 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரிலேயே அந்த எல்லை வந்துவிடும். அதையே 50 ஆகக் குறைத்தால், சுவர் சுமார் 12.5 டிகிரி வரை குளிர்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். காசு செலவழித்துச் சுவரைச் சூடாக்குவதைவிடக் காற்றிலுள்ள ஈரத்தைப் பத்துப் புள்ளி இறக்குவது எளிது என்ற முடிவுக்கு இந்தக் கணக்கே என்னைக் கொண்டுவந்தது.

அந்த ஈரத்தில் பெரும்பங்கு துவைத்த துணிகளிலிருந்து வந்தது. இயந்திரத்தில் பிழிந்தெடுத்த துணிமூட்டையை நிறுத்து, வீட்டுக்குள் உலர்த்தி, மீண்டும் நிறுத்தபோது இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. அத்தனை நீரும், அதாவது இரண்டு லிட்டருக்கும் மேல், வீட்டுக் காற்றில் கலந்திருந்தது. கொடியை ஒரே அறைக்கு மாற்றி, அதன் கதவைச் சாத்தி, சன்னலைச் சிறிது திறந்து வைத்ததும் மற்ற அறைகளின் அளவு தெளிவாக இறங்கியது. குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைத் திறந்து விடும் பழக்கத்தையும் நிறுத்தினோம். அந்த நீராவி சூடில்லாத அறையைத் தேடிச் சென்று அங்கேதான் படிகிறது. அறையைச் சூடாக்கப் புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீர் உண்டாகிறது. கார்பன் மோனாக்சைடு அபாயம் அதற்கும் மேலானது.

வெளியே மழைத்தூறல் இருக்கும்போது சன்னலைத் திறப்பது பயன்தருமா என்ற ஐயம் வீட்டில் எழுந்தது. பயன்தரும். 5 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில், ஒரு கனமீட்டருக்குச் சுமார் 6 கிராம் நீராவியே இருக்கிறது. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் சுமார் 34 விழுக்காடாகிவிடும். எதிரெதிர்ச் சன்னல்களைக் காலையும் மாலையும் ஐந்து முதல் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுகிறோம். காற்று மாறிவிடுகிறது, சுவர்களின் வெப்பம் அவ்வளவாகக் குறைவதில்லை. நாள் முழுவதும் சிறிது திறந்து வைப்பது, அந்தச் சன்னலைச் சுற்றியுள்ள சுவரைக் குளிரச் செய்வதால், நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அலமாரியைச் சுவரிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தது எந்தச் செலவுமில்லாத மாற்றம். சில வாரங்களுக்குப் பின் அறையில் 50 விழுக்காடும், அலமாரிக்குப் பின்னால் 18 டிகிரியில் 56 விழுக்காடும் இருந்தன. கால்சியம் குளோரைடு அடைத்த ஈரம் உறிஞ்சும் டப்பாக்களையும் வைத்துப் பார்த்தேன். மூடிய அலமாரிக்குள் ஓரளவு பயன் தெரிந்தது, திறந்த அறையில் எந்த மாற்றத்தையும் மானி காட்டவில்லை.

ஏற்கெனவே படிந்திருந்ததை முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முதலில் நனைத்து, சோப்புநீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் அறை முழுவதும் பரவும். ப்ளீச்சை வினிகருடனோ அம்மோனியா உள்ள திரவங்களுடனோ சேர்ப்பது நச்சுவாயுவை உண்டாக்கும் என்பதால் எந்த நிலையிலும் கூடாது. பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலும், இந்தத் துடைக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

அலமாரிச் சுவரில் புதிய புள்ளிகள் இதுவரை தோன்றவில்லை. படுக்கையறைச் சன்னலின் அலுமினியச் சட்டத்தில் மட்டும் காலையில் நீர் கோத்து நிற்கிறது. அதைத் துணியால் ஒற்றியெடுத்து, துணியை வெளியே உலர்த்துகிறோம். கனமான திரைச்சீலை அறையின் வெப்பம் கண்ணாடியை எட்டாமல் தடுப்பதே காரணம் என்று கருதுவதால், இரவில் மானியைத் திரைக்குப் பின்னால் வைத்து அளவெடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.