வைத்தியர் வரும்வரை காத்திராத வைத்தியசாலை

மருத்துவ பீடத்தின் ஐந்து ஆண்டுகளும் அதன் பின்னான ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் நோயை நிர்ணயித்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஆற்றலை எமக்குத் தருகின்றன. ஆனால் இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பிரதேச வைத்தியசாலையைப் பொறுப்பேற்கும் இளம் வைத்தியரின் மேசைக்குக் கடமைப் பட்டியல், மின்பிறப்பாக்கிக்கான டீசல், நோயாளர் காவு வண்டிச் சாரதியின் விடுமுறை விண்ணப்பம் ஆகியவையே முதலில் வந்து சேர்கின்றன. இவற்றை வைத்தியத்துக்குப் புறம்பான தொல்லைகளாகக் கருதுவோர் பலர். எனது அனுபவமோ வேறு. எந்த அவசரத் தீர்மானமும் பொறுப்பு வைத்தியர் வந்து சேரும்வரை காத்திராதபடி ஒரு வைத்தியசாலையைப் பழக்கியெடுப்பதே தலைமைத்துவத்தின் பெரும்பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதனை எனக்குத் தெளிவாக உணர்த்தியவை குளவிக் கொட்டுச் சம்பவங்களே. மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்துவிட்டால், நிரையில் நின்ற அத்தனை பெண்களும் கொட்டுப்பட்டு, தோட்டத்து லொறியிலோ ட்ரக்டரிலோ ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள். முகம் வீங்கிச் சத்தமிட்டு அழுபவரைச் சுற்றியே எல்லோரும் கூடுவது இயல்பு. உண்மையான ஆபத்து பெரும்பாலும் சுவரோரம் பேசாமல் உட்கார்ந்து, தலைசுற்றி, இழுத்து இழுத்து மூச்சு விடுபவருக்கே இருக்கும். அத்தகைய ஒவ்வாமை அதிர்ச்சியில் வளர்ந்தோருக்கு அரை மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றி ஏற்ற வேண்டும். வைத்தியர் அந்நேரம் பிரசவ விடுதியில் இருக்கலாம். வேறொரு நோயாளியுடன், நிபுணர்கள் உள்ள பெரிய ஆதார வைத்தியசாலைக்குச் சென்றிருக்கலாம். ஆகவே, வாசலில் நின்று நோயாளரை ஆபத்தின் அளவுப்படி தரம் பிரிப்பவர் யார், ஒட்சிசன் கொண்டு வருபவர் யார், பெயர் பதிபவர் யார், அட்ரினலின் தட்டு எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மருந்தை எந்த அறிகுறிகளைக் கண்டால் தாதிய உத்தியோகத்தர் தாமாகவே ஏற்றலாம் என்பதை ஆதார வைத்தியசாலையின் பொது வைத்திய நிபுணரிடம் ஆலோசனை பெற்று எழுத்தில் வைத்தோம். பின்விளைவு நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த வரி இல்லாதிருந்தால் எந்தத் தாதியும் துணிந்து ஊசியைக் கையிலெடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்குச் செம்மை சேர்த்தவர் ஒரு சுகாதார உதவியாளர். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒத்திகை பார்த்த அன்று நாங்கள் தள்ளுவண்டிகளை முன்வாசலில் நிறுத்தியிருந்தோம். “மழை நாள்ல லொறி அந்த ஏத்தத்துல ஏறாதுங்க சேர், பின்பக்கந்தான் வரும்” என்றார். வண்டிகள் பின்வாசலுக்கு மாறின. அதன் பின்னர் மாதாந்தக் கூட்டங்களில் சிற்றூழியர்களே முதலில் பேசுவது வழக்கமாயிற்று. வைத்தியரும் தலைமைத் தாதியும் கருத்துச் சொன்ன பிறகு, அவர்களுக்குக் கீழே பணியாற்றுபவர் மாற்றுக் கருத்தைச் சொல்வது எமது சமூகத்தில் மிகக் கடினம்.

மொழிப் பிரச்சினையிலும் இவர்களே கைகொடுத்தார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் எமது தாதியரில் பலர் சிங்களம் மட்டுமே பேசுவோர். நோயாளிகளில் பெரும்பாலானோர் தமிழர். “மூச்சு முட்டுது”, “நெஞ்ச அடைக்குது”, “கண்ணு இருட்டுது” போன்ற சொற்றொடர்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றும் எதனைக் குறிக்கக்கூடும் என்ற விளக்கத்தோடு அவசர சிகிச்சை அறையில் ஒட்டினோம். அதனைத் தயாரிக்க முன்வந்தவர் மாத்தறையிலிருந்து வந்திருந்த ஒரு தாதி. உதவியாளர்கள் பக்கத்திலிருந்து உச்சரிப்பைத் திருத்தினார்கள்.

நீரிழிவு, உயர் குருதி அழுத்தக் கிளினிக்குகளுக்கு ஒழுங்காக வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று கடிந்துகொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கிளினிக் நாளில் காலையில் வந்து மதியம்வரை வரிசையில் நின்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளத்துக்கான வரவுப் பதிவு, போய்விடும் என்பதை அறிந்தவர் அப்படிக் கடிந்துகொள்ள மாட்டார். தோட்ட வைத்திய உதவியாளருடனும் நலன்புரி உத்தியோகத்தருடனும் பேசி, எந்தெந்தத் தோட்டத்தார் எந்த நேரத்தில் வருவது வசதி என்று வகுத்தோம். மருந்தாளரின் வேலை நேரத்தையும் கடைசிப் பஸ்ஸையும் இதனோடு பொருத்துவதுதான் சிரமமாக இருந்தது. பல சுற்றுப் பேச்சுக்குப் பின்னரே அவர் இணங்கினார். அவருடைய தயக்கம் நியாயமானது, அதனைக் கேட்டறியாமல் கட்டளையிட்டிருந்தால் ஏற்பாடு நிலைத்திருக்காது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அதே மருந்தாளர்தான் கையிருப்பைத் தினமும் பலகையில் எழுதி வைக்கலாம் என்று சொன்னார். எது தீர்ந்து வருகிறது, அயல் வைத்தியசாலையில் எது மிஞ்சியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், விடுதியில் வீண் சந்தேகங்களும் வதந்திகளும் குறைந்தன. சக வைத்தியர்கள் வெளிநாடு சென்றுகொண்டிருந்த அக்காலத்தில், எஞ்சியிருந்த ஊழியர்களிடம் நிலைமையை மறைக்காமல் சொல்வதைத் தவிர, அவர்களைச் சோர்வடையாமல் காக்க என்னிடம் வேறு வழி இருக்கவில்லை.

வருடாந்த இடமாற்றத்தில் வைத்தியர் போய்விடுவார். உதவியாளர்களும் சாரதிகளும் அங்கேயே இருப்பார்கள். பட்டப்பின் மருத்துவ நிறுவகம் மருத்துவ நிர்வாகத்தில் வழங்கும் முதுமாணிப் பட்டம் பணிப்பாளர் பதவிகளுக்குச் செல்வோருக்குப் பெரிதும் உதவுகிறது. அதற்கு வெகு முன்பே, தனியாக ஒரு சிறு வைத்தியசாலையைப் பொறுப்பேற்கும் இளம் வைத்தியருக்கும் ஏதேனும் பயிற்சி வேண்டும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ இரண்டு வாரங்கள் தங்கி, கடமைப் பட்டியல் தயாரிப்பது, இருப்புப் புத்தகம் பார்ப்பது, இரு மொழிகளில் கூட்டம் நடத்துவது, ஊழியரின் முறைப்பாட்டை விசாரிப்பது ஆகியவற்றைப் பழகுவதற்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பெரும் செலவு ஏற்படாது. அங்கே கற்பிப்போராக வைத்தியர்கள் மட்டும் போதாது. நெடுநாள் பணியாற்றிய தலைமைத் தாதியரும் மருந்தாளர்களும் சிற்றூழியர்களும் இடம்பெற வேண்டும்.