கொப்பியின் நான்காவது கட்டம்: படம் விட்டதும் புத்தகம் விட்டதும்

ஹட்டனில் ஞாயிறு பகல் கூடும் வாசிப்பு வட்டத்தில் இப்போது டோல்கினின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலும் அதன் படங்களும் ஓடுகின்றன. படம் எதை மாற்றியது என்ற விவாதம் கூச்சலாகிவிடாமல் இருக்க ஒரு சீ.ஆர். கொப்பி போதும். விரித்த இரு பக்கத்தில் நான்கு கட்டம்: புத்தகம் சொன்னது (அத்தியாயப் பெயரோடு), சொல்லாமல் விட்டது, படம் செய்தது, பின்னால் எந்தக் காட்சி அதை நம்பி நிற்கிறது. நான்காவது கட்டம் பிறகு சேர்த்தது. தீர்ப்பு விழுவது அங்கேதான்.

ஹொபிட் என்ற சின்ன உருவ இனத்தைச் சேர்ந்த பில்போவின் விருந்துக்கும், அவர் வாரிசு ஃப்ரோடோ மாய மோதிரத்தோடு புறப்படுவதற்கும் இடையில் புத்தகத்தில் 17 வருடம், கதையின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 3001 முதல் 3018 வரை. 2001 படத்தில் அது கொஞ்ச நாள் போலத்தான் தெரிகிறது. புத்தகம் படித்தவர்கள் முதலில் பாய்வது இதில்தான். ஆனால் நான்காவது கட்டத்தில் எழுத ஒன்றும் வராது. வெட்டியது சரி.

கல்லறை மேடுகளை வெட்டியது அப்படியல்ல. ஃப்ரோடோவின் நண்பன் மெரி, எதிரிப் படைத் தலைவனான விட்ச்-கிங்கைக் குத்தும் கத்தி புத்தகத்தில் அந்த மேட்டிலிருந்து எடுத்தது. அவனோடு போரிட்ட பழைய ராச்சியத்தார் அவனுக்கென்றே செய்த ஆயுதம்; அவன் உடம்பைக் கட்டியிருந்த மாயத்தை அறுத்தது அதுதான். படத்தில் மேடும் இல்லை, அங்கே ஹொபிட்களைக் காப்பாற்றும் டொம் பொம்படிலும் இல்லை. வெதர்டொப் குன்றில் வழிகாட்டி அரகோர்ன் ஹொபிட்களுக்கு வாள்களைக் கொடுத்துவிடுகிறார். குத்து மட்டும் மிஞ்சியது, காரணம் போய்விட்டது. இது டோல்கின் விட்ட இடைவெளி அல்ல, படம் தோண்டியது.

இதே பிழை ‘ஹரி பொட்டர்’ படங்களிலும் உண்டு. ஹரியின் ஞானத்தந்தை சிரியஸ் கொடுத்த மாயக் கண்ணாடியை 2007 படத்தில் விட்டுவிட்டு, 2010 படத்தில் அதன் துண்டை மட்டும் ஹரியின் கையில் காட்டுகிறார்கள். புத்தகம் படிக்காதவர் என்ன செய்வார்?

மூன்றாவது வகை, உரிமை இல்லாததால் விழும் ஓட்டை. 2012இல் வந்த ‘த ஹொபிட்’ படத்தில் நீல மந்திரவாதிகள் இருவரின் பெயரும் மறந்துவிட்டது என்கிறார் மந்திரவாதி கண்டல்ஃப். அந்தப் பெயர்கள் 1980இல் வந்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ தொகுப்பில் உள்ளவை. படக்காரர்களிடம் அதன் உரிமை இல்லை. இல்லாததைச் சிரிப்பாக மாற்றிய அந்த ஒரு வரிக்குக் கொப்பியில் முழுப் புள்ளி.

குழப்பம் வருவது பெரும்பாலும் பதிப்பால். முதல் படத்தின் நீட்டிய பதிப்பில் எல்ஃப் இன அரசி கலாட்ரியல் மெரிக்கும் இன்னொரு ஹொபிட்டான பிப்பினுக்கும் குறுவாள் கொடுக்கிறாள்; திரையரங்குப் பதிப்பில் அது கிடையாது. ஆகவே பக்கத்தின் தலையில் எந்தப் பதிப்பு என்று எழுதாமல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ‘சில்மரில்லியன்’ (1977) போல டோல்கின் இறந்த பிறகு வெளிவந்த நூல்களிலிருந்து எடுப்பது சிவப்புப் பேனாவில். ஒரு தரப்புக்கு மூன்று நிமிடம். முழுப் படம் போட்டால் கதைக்க நேரம் கிடையாது, பொகவந்தலாவை பஸ்ஸும் போய்விடும். இருபது நிமிடத் துண்டு போதும்.

தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கூத்து கொஞ்சம் மாறும், யாரும் வழக்குப் பேசுவதில்லை. பல்ரொக் என்ற நெருப்புப் பூதத்துக்குச் சிறகு உண்டா இல்லையா என்பதில் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. மோரியாச் சுரங்கத்துப் பாலம் வரும் அத்தியாயத்தில் முதலில் நிழல் ‘இரு பெரும் சிறகுகள் போல’ விரிகிறது, சற்றுக் கழித்து ‘அதன் சிறகுகள்’ சுவருக்குச் சுவர் விரிகின்றன. இரண்டு வரியையும் ஒரே ஆள் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது விதி. படம் புகையாகச் சிறகு வைத்தது, பறக்க விடவில்லை. இரு தரப்பும் அதைத் தம் சாட்சியாக எடுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் இன்னும் மூடவில்லை.