எனக் கூறப்படும்

"உமக்கு உண்மையிலேயே சந்தேகமா தம்பி, அல்லது எங்களுக்காகப் போட்டீரா?"

மெய்ப்புத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு அண்ணன் கேட்டது இவ்வளவுதான். 2009 மே 19, இரவு பத்தரை மணி இருக்கும். முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு அந்தப் படம். அதன் கீழே நான் எழுதிய படக்குறிப்பு: "நந்திக்கடல் அருகே கண்டெடுக்கப்பட்ட, பிரபாகரனுடையது எனக் கூறப்படும் உடல்." கடைசியில் வரும் 'எனக் கூறப்படும்' என்பதன் அடியில் பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு. பிழை என்றால் அவர் சிவப்பு மையில் சுழிப்பார். பென்சில் என்றால் கேள்வி.

"இரண்டும்தான் அண்ணே" என்றேன்.

பொய். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மதியம் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தபோதே நம்பிவிட்டேன். நெற்றிக்கு மேலே துணியால் மூடியிருந்தார்கள். கண்கள் திறந்திருந்தன. சுற்றி நின்ற சிப்பாய்களில் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, எல்லோரும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனோ அதுதான் என்னை நம்பவைத்தது. முன்பு புலிகளாக இருந்த கருணாவும் தயா மாஸ்டரும் அடையாளம் காட்டினார்கள் என்ற செய்தி எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

ஆனால் டெஸ்க்கில் என்னைத் தவிர முக்கால்வாசிப் பேர் நம்பவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களையும் தள்ளிவிட முடியாது. முதல் நாள், மே 18 அன்று, வாகனத்தில் தப்பிச் செல்ல முயன்றபோது சுட்டோம் என்றார்கள் ராணுவத்தினர். மறுநாள் காலை, நீரேரிக் கரையில் உடல் கிடைத்தது என்றார்கள். இரண்டும் ஒரே சாவின் கதை என்றால் எப்படிப் பொருந்தும்? நாடாளுமன்றத்தில் வெற்றியை அறிவித்துப் பேசிய அதிபர் ராஜபக்ச இவர் பெயரையே எடுக்கவில்லையே, ஏன்? முகம் மழுங்கச் சிரைத்து, ஐம்பத்து நான்கு வயதுக்கு மிக இளமையாக இருக்கிறதே? விளையாட்டுப் பக்கம் பார்க்கும் தம்பி பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் அருகருகே வைத்து, காதைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். காது ஒன்றுதான் மாறாதாம்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். போர் நடந்த இடத்துக்குள் சுதந்திரமான செய்தியாளர் ஒருவரைக்கூட அவர்கள் விடவில்லை. படம் ராணுவம் கொடுத்தது. அடையாளம் காட்டியவர்கள் அரசின் கையில் இருந்தவர்கள். அப்படியிருக்க, 'கூறப்படும்' என்று போடுவது தொழில்முறையில் சரி. அதோடு இவரைப் பத்திரிகைகள் சாகடிப்பது அது முதல் தடவையும் இல்லை. 1989இல் அவருடைய துணைத் தலைவர் மாத்தையா சுட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. சுனாமிக்குப் பிறகு அலையோடு போய்விட்டார் என்று இலங்கை வானொலியே சொன்னது. இரண்டு தடவையும் ஆள் வந்து நின்றார். கை சுட்டவன் அடுப்பைத் தொடுவதற்கு முன் யோசிப்பதில் தவறென்ன?

இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இரவில் இவற்றில் ஒன்றைக்கூட நினைத்து நான் அந்தச் சொல்லைப் போடவில்லை. மாலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரு பெண்மணி எதுவும் பேசாமல் அழுதுகொண்டே இருந்தார். நான் ரிசீவரைக் கீழே வைக்கவும் முடியாமல், காதில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றேன். அதன் பிறகு எழுதிய படக்குறிப்பு அது. மரண அறிவிப்பில் கையெழுத்துப் போடும் ஆள் நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். எச்சரிக்கை என்ற சட்டையைப் பயத்துக்கு மாட்டிவிட்டேன்.

அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். 1990இல் ராமேசுவரத்தில் வந்து இறங்கி, முகாமில் இருந்து, எங்கள் அலுவலகத்துக்கு மெய்ப்புத் திருத்த வந்தவர். ஒற்றுப் பிழைக்கு எங்களைப் பள்ளிப் பிள்ளைகளைப்போலத் திட்டுவார். அவருடைய அக்காவின் மகன் அப்போது வன்னியில் இருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

ரப்பரை எடுத்துப் பென்சில் கோட்டை அழித்தார். துகளை ஊதிவிட்டு, "அப்படியே இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார். பக்கம் அச்சுக்குப் போனது.

மறுநாள் காலை வந்த அழைப்புகள்தான் இன்றைக்கும் உறுத்துகின்றன. திட்டுவதற்கு யாரும் அழைக்கவில்லை. நன்றி சொல்ல அழைத்தார்கள். "நீங்கள் ஒருவராவது உண்மையை எழுதினீர்களே." நான் எழுதியது உண்மை தெரியாது என்பது. அவர்கள் படித்தது உண்மை வேறு என்பது. தமிழில் 'எனக் கூறப்படும்' என்பதற்கு இப்படியொரு குணம் உண்டு. எழுதுகிறவன் ஒதுங்கி நிற்கப் போடுகிறான். படிக்கிறவனுக்கு அது கண் சிமிட்டலாகத் தெரிகிறது. ஐந்து நாள் கழித்து, மே 24 அன்று, முதலில் மறுத்த, புலிகளின் வெளிநாட்டுத் தொடர்புகளுக்குப் பொறுப்பாளரான பத்மநாதனே மரணத்தை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டார். அதையும் வெளியிட்டோம். அதற்கு நன்றி சொல்லி ஓர் அழைப்பும் வரவில்லை.

அரசுகள் எதிரித் தலைவனின் சாவுக்கு ஆதாரம் காட்ட வேண்டுமா என்று யாராவது கேட்டால் அதுவரை என் பதில் 'கட்டாயம்' என்பதுதான். பத்திரிகைக்காரன் வேறென்ன சொல்வான்? மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நேதாஜி போதும். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைபேயில் விமான விபத்து. முகம் தெரியும்படி ஒரு படம் இல்லை. ஷா நவாஸ் குழு, கோஸ்லா ஆணையம், முகர்ஜி ஆணையம் என்று அரை நூற்றாண்டு விசாரித்தார்கள். மூன்றாவது ஆணையம் முதல் இரண்டும் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னது, அரசு அதை ஏற்க மறுத்தது. நேதாஜி இருக்கிறார் என்று முத்துராமலிங்கத் தேவர் மேடையில் சொன்னதை நம்பியே வாழ்ந்து முடித்தவர்கள் நம் ஊர்ப் பக்கத்தில் எத்தனை பேர். ஒரு படம் இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் படம் இருந்தும்தான் எங்கள் டெஸ்க் காதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

யோசித்தால், இந்த வேலைக்கு வந்த புதிதில் 2003 ஜூலையிலேயே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். மோசூலில் சதாமின் மகன்கள் உதய், குசய் கொல்லப்பட்டு இரண்டு நாள் கழித்து அமெரிக்கா படங்களை வெளியிட்டது. தாடியும் காயமுமாக இருந்த முகங்களைப் பாக்தாத்தில் பலர் நம்பவில்லை. உடனே முகங்களைச் சவரம் செய்து, காயங்களைப் பூசி அடைத்துச் செப்பனிட்டு, மறுநாள் செய்தியாளர்களை அழைத்துக் காட்டினார்கள். அந்தப் படங்களைத் தேர்வு செய்தவன் நான். மெழுகுப் பொம்மைகள்போல இருந்தன. நம்ப வைப்பதற்காகத் திருத்திய முகத்தை யார் நம்புவார்கள்? நம்பாதவனுக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு ஆதாரமும் புதிய கேள்விக்கு விதை.

இனி நான் சொல்ல வெட்கப்படுவது. 2011 மே 2. ஒசாமா கொல்லப்பட்டதை ஒபாமா அறிவித்தபோது நமக்குக் காலை ஒன்பது மணி. மதியத்துக்குள் ரத்தம் வழியும் முகத்தோடு ஒரு படம் வந்து விழுந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளின் தளங்களில் எல்லாம் ஏறிவிட்டது. நானும் எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றச் சொன்னேன். படக்குறிப்பு: "கொல்லப்பட்ட ஒசாமா பின்லேடன்." அவ்வளவுதான். 'கூறப்படும்' இல்லை, 'எனத் தெரிகிறது' இல்லை. அது வேறொரு பிணத்தின் முகத்தோடு ஒசாமாவின் பழைய படத்தின் தாடியை ஒட்டித் தைத்த போலி என்றும், ஏற்கெனவே இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது என்றும் மதியத்துக்கு மேல் தெரிந்தது. எடுத்துவிட்டோம்.

மெய்யான படத்துக்குச் சந்தேகத்தைக் கொடுத்தேன். போலிக்கு முத்திரை குத்தினேன். அன்றைக்கு யாரும் அழமாட்டார்கள், எந்தத் தொலைபேசியும் அடிக்காது என்று தெரிந்ததால்தான் கை அவ்வளவு லேசாக இருந்தது என்று நினைக்கிறேன். ஆதாரத்தை எடைபோட்டவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

இரண்டு நாளில் ஒபாமா உண்மையான படங்களை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தார். வெற்றிச் சின்னமாக நாம் இவற்றைக் காட்டித் திரிவதில்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். உடல் ஏற்கெனவே கடலில் இறக்கப்பட்டுவிட்டது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த 52 படங்களையும் தரத் தேவையில்லை என்றது. கோபப்பட்டேன். மக்களின் வரிப்பணத்தில் எடுத்த படத்தை மக்களுக்குக் காட்ட மாட்டார்களாமா? ஆனால் மே 6 அன்றே அல்கொய்தா தானே தன் தலைவன் இறந்ததாக அறிவித்துவிட்டது. படமில்லாமலே ஊரடங்கிப் போனது. எதிரியின் வாய் சொன்னால் போதும் போலிருக்கிறது என்று எழுதலாம். பத்மநாதன் சொன்னதை யார் கேட்டார்கள் என்று உடனே நானே என்னை மடக்கிக்கொள்கிறேன்.

காட்டினால் அவமானம் எதிரிக்கு என்று காட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். பொலிவியாவில் 1967இல் சே குவேராவைச் சலவைத் தொட்டியின் மேல் கிடத்திச் செய்தியாளர்களுக்குக் காட்டினார்கள். திறந்த கண்களோடு கிடந்த அந்த முகம் சிலுவையிலிருந்து இறக்கிய முகமாக உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அடையாளம் காணக் கைகளை வெட்டி வைத்துக்கொண்டார்கள். எலும்புகள் முப்பது ஆண்டு கழித்து 1997இல்தான் கிடைத்தன. 2024 அக்டோபரில் ஹமாஸ் தலைவர் சின்வாரின் கடைசி நிமிடங்களை டிரோன் படமாக இஸ்ரேல் வெளியிட்டது. ஒரு கை சிதைந்தவன் மற்றக் கையால் டிரோன் மேல் குச்சியை எறிகிறான். வெளியிட்டவர்கள் பார்த்தது தோற்றவனை. அவனுடைய ஆட்கள் பார்த்தது வேறொன்றை. அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்தபோது என் இளைய சகா கேட்டான்: "இதை ஏன் சார் இவர்களே வெளியிட்டார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பிரபாகரனைப் பொறுத்தவரை ஒரு காகிதம்தான் ஓசையில்லாமல் வேலை செய்தது. 2010 அக்டோபரில், ராஜீவ் கொலை வழக்கில் அவர் மீதும் புலிகளின் உளவுத் தலைவர் பொட்டு அம்மான் மீதும் இருந்த குற்றச்சாட்டுகளைத் தடா நீதிமன்றம் கைவிட்டது. சட்டத்தின் கணக்கில் அத்தோடு முடிந்தது. உள்பக்கத்தில் சின்னச் செய்தியாகப் போட்டோம். அதில் 'கூறப்படும்' போட எனக்குத் தோன்றவில்லை.

2023 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், பிரபாகரன் உயிருடன் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தபோது நான் டெஸ்க்கில்தான் இருந்தேன். இலங்கை ராணுவம் அன்றே மறுத்தது. பதினான்கு ஆண்டுகள் ஆகியும் அந்த அறிவிப்பை ஒட்டுமொத்தமாகச் சிரித்து ஒதுக்க முடியாத ஒரு சூழல் இருந்தது என்றால், அதில் என் இரண்டு சொற்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. இல்லை, இது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வது. ஒரு படக்குறிப்பு அவ்வளவு தூரம் போகாது. அவர்கள் நம்ப விரும்பினார்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

அன்று இரவு அண்ணனுக்குத் தொலைபேசினேன். ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"செய்தி பார்த்தேன். நாளைக்கு என்னவென்று போடுகிறீர்?"

"'நெடுமாறன் பேட்டி' என்றுதான் அண்ணே. அவர் சொன்னதாக."

"கூறப்படும் போடவில்லையா?" என்று சிரித்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைத் திரும்ப எடுத்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை, உங்களுக்காகத்தான் போட்டேன் என்றேன்.

"தெரியும் தம்பி. அதனால்தானே அழித்தேன்." சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்காவது முகத்தைக் காட்டினார்கள்" என்றார்.

அவருடைய அக்கா 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல்போனவர்களின் உறவினர்கள் தொடங்கிய சாலையோரப் போராட்டப் பந்தலில், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தவர்களில் ஒருவர். காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று 2020இல் அப்போதைய அதிபர் கோத்தபய சொல்லி, மரணச் சான்றிதழ் தருவதாகப் பேச்சு வந்தபோது வேண்டாம் என்றவர். காட்ட விரும்பிய உடலை மறுநாளே உலகத்துக்குக் காட்டிய அரசு அது. நான் ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன் இதைப் பற்றி. வெளியிடவில்லை. எழுதினால் தலைவர்களின் சாவைப் பற்றிய கட்டுரை எங்கேயோ போய்விடுகிறது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். "அண்ணே, ஒருவேளை அவர்கள் ஒரு படத்தைக் கொடுத்தால் அக்கா நம்புவார்களா?"

"படத்தையா?" என்றார். "கையைக் காட்டச் சொல்வா. சின்ன வயதில் கிணற்றுக் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது, இடது உள்ளங்கையில்."

பிறகு, முதல் பதிப்புக்கு நேரமாகிவிட்டிருக்குமே, போய்ப் பக்கத்தைப் பாரும் என்றார்.