நீலகிரி மலையில் ஒரு ‘நீலகிரி’: 1:200 அளவில் போர்க்கப்பல் செய்துவரும் அனுபவம்

2025 ஜனவரி 15ஆம் நாள் மும்பையில் ‘ஐஎன்எஸ் நீலகிரி’ கடற்படையில் சேர்க்கப்பட்ட செய்தியைக் கோத்தகிரியில் கணப்பருகே உட்கார்ந்து படித்தேன். பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி மூன்று கப்பல் மாதிரிகளை ஏற்கெனவே செய்திருந்தாலும், நம் மலையின் பெயரைத் தாங்கிய இந்தக் கப்பலை மரத்திலிருந்தும் தகட்டிலிருந்தும் என் கையாலேயே உருவாக்க வேண்டும் என்ற ஆசை அன்றுதான் பிறந்தது. மாசியில் தொடங்கிய வேலை இப்போது மார்கழிக்கு வந்திருக்கிறது. கப்பலின் உடல் முடிந்துவிட்டது. தளத்துக்கு மேலே எழும் கட்டுமானமான மேற்கட்டு முக்கால் பங்கு நிற்கிறது.

உண்மைக் கப்பலின் நீளம் 149 மீட்டர், அகலம் 17.8 மீட்டர், எடை ஏறக்குறைய 6,670 டன். 1:200 என்று குறைத்தால் 74.5 சென்டிமீட்டர் நீளமும் 8.9 சென்டிமீட்டர் அகலமும் வருகின்றன. என் மேசைக்கு அது போதும். திட்டம் 17ஏ என்ற பெயரில் கட்டப்படும் ஏழு ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) வகைக் கப்பல்களில் இது முதலாவது. நான்கு கப்பல்கள் மும்பை மசகான் டாக் தளத்திலும், மூன்று கொல்கத்தா கார்டன் ரீச் தளத்திலும் உருவானவை. நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி ஆகிய ஆறு பெயர்களும் முந்தைய தலைமுறைக் கப்பல்களிலிருந்து வந்தவை. மகேந்திரகிரி மட்டும் புதிதாகச் சேர்ந்தது. பழைய நீலகிரி பிரிட்டனின் லியாண்டர் வகை வடிவமைப்பில் மும்பையில் கட்டப்பட்டு, 1972 முதல் 1996 வரை பணியாற்றியது. அதன் பக்கத் தோற்றத்தையும் அதே அளவில் அட்டையில் வெட்டி மேசையில் வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய 113 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் அட்டையில் 56.5 சென்டிமீட்டர்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நீளத்தை விடவும் சுவர்களில் உள்ள வேறுபாடுதான் முதலில் கண்ணில் படுகிறது.

பழைய கப்பலின் மேற்கட்டுச் சுவர்கள் பெரும்பாலும் செங்குத்தானவை. படகுகள் திறந்த வெளியில் தொங்கும். புதிய கப்பலில் உடல் நீர்மட்டத்திலிருந்து மேல்நோக்கி விரிகிறது. அதன்மேல் நிற்கும் மேற்கட்டு உட்புறமாகச் சாய்கிறது. படகுகள் மூடிய மறைப்புகளுக்குப் பின்னால் போய்விடுகின்றன. காரணம் எதிரியின் ரேடார். செங்குத்துச் சுவரும் கிடைத்தளமும் சந்திக்கும் மூலையில் விழும் ரேடார் அலை, இரண்டிலும் பட்டுத் திரும்பி, அனுப்பியவனிடமே போய்ச் சேரும். சுவரைச் சாய்த்தால் அலையின் பெரும்பகுதி வேறு திசைக்குச் சிதறிவிடும். அந்தச் சாய்வு கப்பல் முழுவதும் ஒரு சில கோணங்களுக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு விதமாகச் சாய்ந்தால் அலை எல்லாத் திசைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இதை நான் பலமுறை படித்ததுண்டு. ஆனால் என் கையால் ஒரு சுவரைச் சாய்த்து ஒட்டிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கடினமான காரியம் என்பது உறைத்தது.

நேர் முன்னிருந்து எடுத்த படங்களில் பாகைமானியை வைத்துப் பார்த்து, என் மாதிரியின் மேற்கட்டுக்கு 7 பாகைச் சாய்வு என்று நானாக முடிவு செய்தேன். மூன்று சென்டிமீட்டர் உயரச் சுவரில் ஒரு பாகை தவறினால் மேல்விளிம்பு அரை மில்லிமீட்டர் விலகும். கப்பலில் அது 10 சென்டிமீட்டர். முதலில் கண்ணளவை நம்பி ஒட்டிய மூன்று சுவர்களையும் பிய்த்தெடுக்க நேர்ந்தது. பிறகு ஒரு தேக்குத் துண்டை 7 பாகைக்கு இழைத்து, அதையே அச்சுக்கட்டையாக வைத்துக்கொண்டேன். இப்போது எந்தச் சுவரானாலும் அந்தக் கட்டையின்மேல் சாய்ந்துதான் காய்கிறது. இந்தப் பத்து மாதத்தில் நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்ட பொருள் உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டுதான்.

உடலுக்குத் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் பலகையை எடுத்தேன். இழைப்பதற்கு இதமான மரம், விலையும் குறைவு. பலகையை அறுத்துக் கொடுத்த ஆசாரி அப்போதே எச்சரித்தார்.

“சார், வெட்டி ஒரு வருசம்கூட ஆகாத மரம் இது. ஐப்பசி மழைல முறுக்கிக்கும்.”

“முறுக்காம இருக்க என்னண்ணே செய்யணும்?”

“ஒத்தப் பலகையா வைக்காதீங்க. மெல்லிசா அறுத்து, ரேகையை மாத்தி மாத்தி ஒட்டுங்க.”

அவர் சொன்னபடியே நான்கு மில்லிமீட்டர் பலகைகளை அடுக்கி ஒட்டினேன். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் நன்றாகவே பெய்யும். மூன்று வாரம் வெயிலே காணவில்லை. அடுக்கிய உடல் அசையவில்லை. ஒற்றைப் பலகையில் செய்து ஓரமாக வைத்திருந்த காட்சிப் பீடம் மட்டும் வாழையிலை போல வளைந்துவிட்டது.

உண்மைக் கப்பலைத் தொகுதி தொகுதியாகக் கட்டினார்கள் என்பதால் நானும் உடலை ஐந்து தொகுதிகளாகச் செய்தேன். கப்பல் தளத்தில் ஒவ்வொரு தொகுதியும் தனியாக உருவாகும்போதே குழாய்களும் கேபிள்களும் இயந்திரங்களும் கூடியவரை உள்ளே பொருத்தப்பட்டுவிடும். பிறகுதான் தொகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்து வெல்டிங் செய்வார்கள். இந்த முன்பொருத்தலின் அருமை எனக்குக் கடைசித் தொகுதியில் விளங்கியது. இரண்டு உந்துதண்டுகளுக்கான பித்தளைக் குழாய்களைப் பதிக்காமலேயே அந்தத் தொகுதியை மூடி ஒட்டியிருந்தேன். மூடிய பிறகு துளையிட்டால் இரண்டும் இணையாக அமையவில்லை. அடிப்புறத்தை ரம்பத்தால் திறந்து, குழாய்களைப் பதித்து, மறுபடி அடைத்துப் பட்டி பூச இரண்டு வாரம் பிடித்தது.

மூன்றாம், நான்காம் தொகுதிகளுக்கு இடையிலான இணைப்பில் இன்னொரு பாடம். உடலின்மேல் போர்த்திய பிளாஸ்டிக் தகட்டை வலப்பக்கம் முழுவதும் ஒட்டி முடித்துவிட்டு இடப்பக்கம் வந்தேன். பசை தகட்டை இளக்கி, காயும்போது இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் இணைப்பின்மேல் விரலை ஓட்டினால் நகம் தட்டியது. ஒரு மில்லிமீட்டர் படி. கப்பலில் 20 சென்டிமீட்டர்! வெல்டிங்கும் இப்படித்தான். உருகிய இடம் குளிரும்போது சுருங்கி, தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் எந்த இடத்தை முதலில் பற்றவைப்பது, அடுத்து எதிர்ப்பக்கம் எங்கே என்ற வரிசையை முன்கூட்டியே வகுத்து வேலை செய்கிறார்கள். டிஎம்ஆர் 249ஏ என்னும் இந்திய எஃகில் செய்த 149 மீட்டர் உடலை, தொகுதிகளின் விளிம்பு பிசகாமல் இணைத்தவர்களை நினைத்து அன்று உண்மையாகவே வியந்தேன். அந்தப் பகுதியைப் பிரித்து, வலம் இடமென்று மாற்றி மாற்றி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பசை வைத்து, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருந்து திரும்ப ஒட்டினேன். இப்போது நகம் தட்டவில்லை.

முதல் தொகுதிக்கு ஏழு வாரம் பிடித்த எனக்கு ஐந்தாவது தொகுதி, குழாய்க்காக அறுத்ததையும் சேர்த்து, நான்கு வாரத்தில் முடிந்தது. கப்பல் தளத்திலும் இதே போக்கைக் காண்கிறேன். நீலகிரி 2019 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்டு 2024 டிசம்பரில் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே தளத்தின் அடுத்த கப்பலான உதயகிரி 2022 மே மாதம் இறங்கி, 37 மாதத்தில், 2025 ஜூலை 1 அன்று ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

சிறு பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்தளத்து 76 மில்லிமீட்டர் பீரங்கியின் கூண்டும் பட்டைப் பட்டையாகச் சாய்ந்தே இருப்பதால் தகட்டை மடித்துச் செய்தேன். பராக்-8 ஏவுகணைகளுக்கு 32, பிரம்மோஸுக்கு 8 என ஏவுகுழி மூடிகள் மொத்தம் நாற்பது. அவை தளத்தோடு தளமாகப் படிந்திருக்க வேண்டும் என்பதால், மேலே ஒட்டாமல் தளத்தில் கோடு கீறியே காட்டினேன். ஹெலிகாப்டர் கொட்டகையின் கதவு திறந்தபடி இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

மீதமிருப்பது கொடிமரமும் வண்ணமும். கொடிமரத்தின் நான்கு முகங்களிலும் எம்எஃப்-ஸ்டார் ரேடாரின் பலகைகள் பதிய வேண்டும். நான்கு சாய்வுகளும் உச்சியில் பிசகின்றிச் சேர்ந்தால்தான் அவை நேராக உட்காரும். இரண்டு முறை காகிதத்தில் மடித்துப் பார்த்துவிட்டேன். மூன்றாவது முயற்சியில்தான் மூலைகள் கூடின. அடிவண்ணத்தை மேகம் இறங்கிய ஒரு மாலையில் தெளித்துப் பார்த்தபோது ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிட்டது. உப்புத்தாள் போட்டு முழுவதையும் தேய்த்தெடுத்தேன். தை பிறந்தால் இரவில் உறைபனியும் பகலில் காய்ந்த வெயிலும் வரும். காலை பதினொரு மணிக்கு மேல் வாசலில் வைத்துச் சாம்பல் வண்ணம் அடிப்பதாக இருக்கிறேன். அதற்குள் கொடிமரத்தைத் தகட்டில் வெட்டி முடிக்க வேண்டும்.