ஃபன்னலுக்குப் பின்னால் ஒரு செயற்கைக்கோள்

சரக்குக் கப்பல்களில் மின் அதிகாரியாக, இந்திய மாலுமிகளின் பேச்சில் ‘பத்தி சாப்’ ஆக, வேலை பார்ப்பவனுடைய நேரத்தில் பெரும்பகுதியை மோட்டார்களும் ஜெனரேட்டர்களும் குளிர் அறைகளின் கம்ப்ரசர்களும்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனாலும் மற்றவர்கள் அவனைத் தேடி வருவது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான்: நெட் வரவில்லை. சில சமயம் புகாரோடு ஆதாரமும் வரும். சேவை நிறுவனம் கொடுத்திருக்கும் கவரேஜ் படத்தில் பெருங்கடல்கள் எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசப்பட்டிருக்கும். கப்பல் இருக்கும் இடமும் அந்த வண்ணத்துக்குள்ளேயே இருக்கும். அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. நாற்புறமும் மறைப்பே இல்லாத வானத்தின் கீழ் இருக்கும் ஆன்டெனாவுக்காக வரையப்பட்ட படம் அது; கப்பலில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் கூரை மங்கி ஐலண்ட்; அங்கே டோமை, அதாவது ஆன்டெனாவை மூடியிருக்கும் குமிழை, வைத்தால் ஒரு பக்கம் ரேடார் மாஸ்ட் நிற்கும், பின்பக்கம் கப்பலின் புகைபோக்கியான ஃபன்னல் நிற்கும். டோமைப் பொருத்துபவர்கள், எந்தெந்தக் கோணத்தில் எது மறைக்கிறது என்று ஒரு வட்ட வரைபடம் போட்டுத் தருவது வழக்கம். எனக்குக் கவரேஜ் படத்தைவிட அந்தத் தாள்தான் அதிகம் பயன்பட்டிருக்கிறது.

அதன் அருமை எனக்குத் தெரிந்தது நார்வேக் கரையோரத்தில். அப்போது நான் இருந்த பல்க் கேரியர், ராட்டர்டாமில் இரும்புத்தாதுவை இறக்கிவிட்டு, மறுபடியும் தாது ஏற்றுவதற்காக வடக்கே நார்விக் துறைமுகத்துக்குப் போகும். எங்கள் டோம் பிடித்திருந்தது இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் கிழக்கு அட்லாண்டிக் செயற்கைக்கோளை. அது மேற்குத் தீர்க்கரேகை 15.5 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால், தரையிலிருந்து பார்த்தால் அது ஒரே இடத்தில் நிற்பதாகவே கொள்ளலாம். நடுக்கோட்டுக்கு அருகே போகும் கப்பலுக்கு அது உச்சிவானில் இருக்கும். வட அட்சரேகை 62, 66 என்று ஏற ஏற அது தாழ்ந்துகொண்டே வந்து, அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி அளவிலேயே நிற்கும். வடகிழக்கு நோக்கிப் போகும் கப்பலுக்குத் தென்மேற்கில் நிற்கும் அந்தச் செயற்கைக்கோள் நேர் பின்னால், அதாவது ஃபன்னலுக்குப் பின்னால், அமைந்துவிடும். பாதை மாறாதவரை மறைப்பும் மாறாது. திரும்பி வரும்போதோ அதே செயற்கைக்கோள் முன்பக்கத் திறந்த வானத்தில் இருக்கும், இணைப்பு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யும். தூத்துக்குடியைச் சேர்ந்த பயிற்சிக் கேடட் ஒருவன், “சார், வெறுங்கப்பலா போனா நெட் வராது, லோடு ஏத்தினாத்தான் வரும்போல” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் கவனித்தது முழுக்கச் சரி. காரணம் மட்டும் சரக்கு அல்ல, திசை.

நார்விக் வட அட்சரேகை 68 டிகிரியைத் தாண்டிய ஊர், மலைகள் சூழ்ந்த ஃபியோர்டின், அதாவது நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்நீர்ப் பள்ளத்தாக்கின், உள்ளே இருக்கிறது. அங்கே நேர் தெற்கில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கூட 13 டிகிரிக்கு மேல் உயராது. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அந்த அளவுகோலை வைத்து மங்கி ஐலண்டில் நின்று தென்புற மலைகளை அளந்தால், டோமைக் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது தெரிந்துவிடும். ஊரில் செல்போன் கோபுரங்கள் இருப்பதால் வீட்டுக்குப் பேசத் தடையில்லை. டோம் மட்டும், மலைக்குப் பின்னால் மறைந்துவிட்ட செயற்கைக்கோளைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் பிரிட்ஜில் இருந்த, ஈரிடியம் என்ற இன்னொரு செயற்கைக்கோள் அமைப்பின் தொலைபேசி வேலை செய்தது. தொடர்ந்து வேலை செய்ததாகச் சொல்ல முடியாது. சில நிமிடம் பேசலாம், பிறகு அறுந்துபோகும், கொஞ்சம் காத்திருந்தால் மறுபடியும் கிடைக்கும். இரண்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த விட்டுவிட்டு வரும் பேச்சில் இருந்தது.

ஈரிடியத்தில் எதுவும் நிற்பதில்லை. 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், துருவங்களை ஒட்டிச் செல்லும் 6 சுற்றுப்பாதைகளில், பாதைக்கு 11 வீதம், சுமார் 100 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. கடலில் இருப்பவருக்கு ஒரு செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து எழுந்து மறு அடிவானத்தில் மறைய அதிகபட்சம் சுமார் பதினைந்து நிமிடம்தான் ஆகும். அது மறைவதற்குள் பேச்சு அடுத்த செயற்கைக்கோளுக்குக் கைமாற வேண்டும். ஒரே செயற்கைக்கோளுக்குள்ளும் 48 தனித்தனி அலைக்கற்றைகள் தரையை வட்டங்களாகப் பிரித்து மூடுவதால், கப்பல் நங்கூரம் போட்டு நின்றாலும் அந்த வட்டங்கள் அதன் மேல் ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும்; ஒரு நிமிடம் ஆவதற்குள் ஒரு கைமாற்றம் நடந்துவிடும். பேசுபவருக்கு இது தெரியாது.

பாதைக்கு 11 என்று நிறுத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் செயற்கைக்கோள்களின் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலும், வட்டமும் வட்டமும் சேரும் இடத்தின் இருபுறமும் ஓர் இடுக்கு விழும். பக்கத்துப் பாதையில் செல்பவை பாதி இடைவெளி தள்ளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வதைப் போல, இந்த வரிசையின் வயிறு அந்த வரிசையின் இடுக்கை மூடும். இரு பாதைகளும் ஒரே திசையில் செல்லும்வரை இந்த ஒழுங்கு கலையாது. ஆனால் 6 பாதைகள் பூமியின் ஒரு பாதியில் வடக்கு நோக்கி ஏறுகின்றன, மறுபாதியில் தெற்கு நோக்கி இறங்குகின்றன. ஏறும் கடைசி வரிசையும் இறங்கும் முதல் வரிசையும் அருகருகே வரும் இடத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில், ஒவ்வொன்றும் விநாடிக்கு சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் விரைகின்றன. அங்கே இடுக்கை மூடும் கணக்கு நிற்காது. ஆகவே மற்ற பாதைகளுக்கு இடையே ஏறத்தாழ 31.6 டிகிரி இடைவெளி விட்டவர்கள், எதிர்வரிசைகள் சேரும் அந்தத் தையலில் மட்டும் 22 டிகிரிக்கு நெருக்கிவைத்தார்கள். கணக்காளர் பார்வையில் அது வீண்செலவாகத் தோன்றலாம். வானம் ஓட்டையில்லாமல் இருப்பதற்குக் கொடுத்த விலை அது என்பதே என் எண்ணம்.

இந்த அமைப்பில் ஒரு விசித்திரமும் உண்டு. எல்லாப் பாதைகளும் துருவங்களுக்கு அருகே குவிவதால், யாருமில்லாத பனிக்கடலுக்கு மேல்தான் செயற்கைக்கோள்கள் அதிகம் நெருங்குகின்றன. ஒன்றின் அலை மற்றொன்றில் குறுக்கிடாமல் இருக்க அங்கே பல அலைக்கற்றைகளை அணைத்துவைக்க வேண்டியிருக்கிறது. கப்பல்களும் மக்களும் நிறைந்த நடுக்கோட்டுப் பகுதியில் வலை மிக மெலிந்திருக்கிறது. நார்விக்கில் ஃபியோர்டின் குறுகலான வானத்திலும் ஏதாவது ஒன்று சீக்கிரமே வந்து சேர்ந்ததற்கு அந்த வடக்கத்திய நெரிசல்தான் காரணம். சிங்கப்பூர் நங்கூரத் தளத்தில், உயரமான கொள்கலன் கப்பலின் நிழலில் நின்றபோது இதைவிட அதிக நேரம் காத்திருந்திருக்கிறோம்.

குழுவாக வேலை செய்வது என்பது பக்கத்தில் இருப்பதோடு முடிவதில்லை, பேசிக்கொள்ளவும் வேண்டும். ஈரிடியத்தின் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதையில் முன்னும் பின்னும் இருப்பவற்றோடும், இருபுறப் பாதைகளில் இருப்பவற்றோடும் ரேடியோ இணைப்பு வைத்திருக்கிறது. அந்தத் தையலின் குறுக்கே மட்டும் பக்க இணைப்பு கிடையாது. அதனால் நடுக்கடலில் எழும் அழைப்பு கைக்குக் கை மாறி, உலகின் எங்கோ ஒரு மூலையில் உள்ள தரைநிலையத்தில் இறங்க முடிகிறது. குளோபல்ஸ்டார் வேறு வழியில் போனது. 1,414 கிலோமீட்டர் உயரத்தில் 48 செயற்கைக்கோள்கள் என்பது அதன் தொடக்கத் திட்டம்; அவற்றுக்குள் பேச்சே இல்லை. பெற்றதை அப்படியே தரைக்குத் திருப்பிவிடும். எளிய, மலிவான அமைப்பு. ஆனால் கப்பலையும் தரைநிலையத்தையும் ஒரே செயற்கைக்கோள் ஒரே சமயத்தில் பார்த்தாக வேண்டும் என்பதால், கரையை விட்டு வெகுதூரம் வந்தவர்களுக்கு அது உதவாது. கரையோரப் படகுக்கு நல்ல கருவி. ஆழ்கடலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே ஈரிடியம் 33, செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மோஸ் 2251 உடன் மோதிச் சிதறியது. தாழ்வான பாதையில் உபரியாக வைத்திருந்த ஒன்றை உயர்த்தி, அடுத்த மாதத் தொடக்கத்திலேயே அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். ஒரு பெருங்கடலுக்கு ஒன்று என்று நிற்கும் அமைப்பில் அந்த ஒன்று பழுதானால் ஒரு பெருங்கடலே பாதிக்கப்படும். இங்கே ஒரு ஓட்டை பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆபத்துக்கால அழைப்புகளுக்கான ஜிஎம்டிஎஸ்எஸ் ஏற்பாட்டில் நெடுங்காலம் இன்மார்சாட் மட்டுமே அங்கீகாரம் பெற்றிருந்தது. 2018 இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஈரிடியத்தையும் ஏற்றது.

2022 இல் ஸ்டார்லிங்க் கப்பல்களுக்கு வந்த பிறகு புகார்களின் தன்மையே மாறிவிட்டது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கானவை. டோம் இல்லை, அசையும் பாகம் இல்லை, மங்கி ஐலண்டில் ஒரு தட்டையான பலகை மட்டும். தங்களுக்குள் லேசர் ஒளியால் பேசிக்கொள்ளும் தலைமுறை வந்த பிறகே நடுக்கடலில் அதன் சேவை சாத்தியமானது; ஈரிடியம் கடந்த அதே தடையைத்தான் அதுவும் கடக்க வேண்டியிருந்தது. ஃபன்னல் அதே இடத்தில்தான் நிற்கிறது, இன்றும் வானத்தின் ஒரு துண்டை மறைக்கிறது. ஆனால் அந்தத் துண்டில் இருப்பது கிடைக்காவிட்டால் வேறு துண்டில் இருக்கும் இன்னொன்று கிடைக்கிறது. முன்பு நாள்கணக்கில் நீடித்த மறைப்பு இப்போது வீடியோ அழைப்பில் ஒரு நொடித் தடுமாற்றமாகத் தெரிகிறது. அதற்கும் என்னைத் தேடி வருகிறார்கள்.

எத்தனை ஆயிரம் செயற்கைக்கோள்கள் சேர்ந்தாலும் மூட முடியாத ஓர் இடைவெளி எங்களுக்கு இந்தியக் கரையில் இருக்கிறது. அனுமதி பெறாத செயற்கைக்கோள் தொலைபேசிகளை இந்தியக் கடலில் பயன்படுத்தத் தடை இருப்பதால், கப்பலில் உள்ளவற்றை வருகைக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். ஸ்டார்லிங்கையும் எல்லைக்கு வெளியிலேயே அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் கட்டளை. எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும்போதெல்லாம் முதல் நாள் மாலையே அணைக்கும் நேரத்தை மெஸ் அறைப் பலகையில் எழுதிவைப்பேன். அந்த நேரத்துக்குள் வீட்டுக்குப் பேசி, கப்பல் எப்போது பெர்த்துக்கு வரும் என்பதைச் சொல்லிவிடுவார்கள். பிறகு பிரேக்கரை அணைத்து, நேரத்தை லாக் புத்தகத்தில் குறித்துக் கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. கரையோரச் செல்போன் கோபுரம் எட்டும்வரை நெட் வரவில்லை என்று யாரும் என் கதவைத் தட்டுவதில்லை.