தோன்றா எழுவாய்

மார்ச் 3

பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்துவிட்டது. நண்பன் என்னை நம்பிச் சொன்னது, எங்கள் இருவருக்கும் தெரிந்த இன்னொருவர் காதுக்குப் போய்விட்டது. கேட்டவர் சும்மா இருக்கவில்லை. "இப்போ பரவாயில்லையா?" என்று அவனிடமே போய் விசாரித்திருக்கிறார். இரண்டு நாளாக அவன் எனக்குப் பதில் போடவில்லை. மனசு சரியில்லை.

(என்ன விஷயம் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை போதும்.)

மார்ச் 4

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வந்துவிட்டது, போய்விட்டது. நான் எங்கே? பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று படித்தோமே, எழுவாய் வாக்கியத்தில் வெளிப்படாமல் மறைந்து நிற்பது, கிட்டத்தட்ட அதுதான். இலக்கணப்படி இங்கே எழுவாய் விஷயம்தான். மறைந்து நிற்பது நான். தமிழில் இதற்கு வசதி அதிகம். வாய் தவறிவிட்டது, காரியம் கைமீறிவிட்டது. தவறுவது வாய், மீறுவது காரியம். ஆள் அந்தப் பக்கமே இல்லை.

நான் சொன்னேன்.

வாய் தவறவும் இல்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். குரலைத் தாழ்த்தினேன். "உங்களோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வாய் தவறுகிறவன் முன்கூட்டியே உறுதி வாங்குவானா? அதைவிடக் கேவலம், "உன்னோட இருக்கட்டும்டா" என்பது நண்பன் என்னிடம் சொன்ன வார்த்தை. அதையும் சேர்த்தே கடத்தியிருக்கிறேன்.

மார்ச் 6

அக்கறையில்தான் சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீலாக இரண்டு நாள் வாதாடினேன். அக்கறை என்றால், "அவர்கிட்ட சொல்லட்டுமா?" என்று நண்பனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பான் என்று தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளர்கள் 1959-ல் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் வந்தது. மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் படு சலிப்பான வேலை. முடிந்ததும், அடுத்து வருபவரிடம் "நல்லா இருந்துச்சு" என்று பொய் சொல்ல வேண்டும். அதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20. பிறகு உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டால், 1 டாலர் வாங்கியவர்கள்தான் அந்த வேலையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். 20 வாங்கியவனுக்குப் பொய்க்கான காரணம் பையில் இருக்கிறது. 1 வாங்கியவன் அதை மனசுக்குள் தயாரித்தாக வேண்டும்.

எனக்கு என்ன கூலி? "அப்படியா!" என்று உயர்ந்த ஒரு ஜோடிப் புருவம். எனக்குத்தான் தெரியும் என்கிற ஐந்து நிமிஷப் பெருமை. இவ்வளவு அற்பத்துக்கு அவனை விற்றேன் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் அக்கறை.

மார்ச் 7

மன்னிப்புச் செய்தி நான்கு முறை தட்டினேன். மூன்றில் "ஆனா" இருந்தது. நான்காவதில் "உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா" என்று இருந்தது. இருந்திருந்தாவாம்! அழித்தேன்.

மார்ச் 9

அழைத்தேன். எடுத்தான்.

"நான்தான்டா சொன்னேன்."

ஏன் என்று கேட்பான், அதற்குப் பதிலும் தயார். அவன் கேட்கவில்லை. "என்னென்ன சொன்ன? அப்படியே சொல்லு" என்றான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தன்னைப் பற்றி வெளியே என்ன உலாவுகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். என் காரணத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். தாவியது எனக்கே தெரிந்தது. திரும்பி வந்து அதையும் சொன்னேன்.

"அதையுமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 13

அவன் பேசவில்லை. நானும் அழைக்கவில்லை. "அவனுக்கு அவகாசம் கொடுக்கிறேன்" என்று காலையில் எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது, அதனால் அழைக்கவில்லை.