மூளையின் நடுவில் ஒரு சின்னச் சுரப்பி

இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனைச் சுரக்கும் பினியல் சுரப்பியின் நீளம் 5 முதல் 8 மில்லிமீட்டர்தான். எம்ஆர்ஐ படத்தில் ஒரு கட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் நீளவாக்கில் மொத்தமே ஐந்து முதல் எட்டு கட்டங்கள், கையால் ஓரம் வரையும்போது ஒரு கட்டம் தள்ளிப்போனாலே கனஅளவுக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். 2015இல் வந்த யூ-நெட் மாதிரியான, படத்தில் உறுப்பின் ஓரத்தைத் தானே பிரித்துக் காட்டும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது அதனால்தான், எத்தனை படம் கொடுத்தாலும் ஒரே அளவுகோலில் பிரிக்கும். சரி, சிக்கல் எங்கே? வயதாக ஆக இந்தச் சுரப்பியில் சுண்ணாம்பு படியும். சிடி ஸ்கேனில் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி, எம்ஆர்ஐயிலோ பெரும்பாலும் கருத்துப்போய்ப் பக்கத்து ரத்தக்குழாயோடு குழம்பிவிடும். இளைஞர்களின் படங்களை மட்டும் காட்டி நிரலைப் பழக்கினால் முதியவர்களின் படங்களில் தடுமாறத்தான் செய்யும். இரவில் சுரக்கும் மெலடோனின் முதுமையில் குறைவதைப் புரிந்துகொள்ள மொத்தக் கனஅளவு போதாது. சுண்ணாம்புப் படிவையும் சுரப்பிக்குள் இருக்கும் நீர்க்கட்டியையும் கழித்து, வேலை செய்யும் திசுவை மட்டும் அளக்க வேண்டும்.